அந்த இலவச அறைக்கு வாடகை கட்டுவது யார்?

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தின் பெயரிலேயே ஒரு பழைய வழக்கம் தங்கியிருக்கிறது. வழிநடையாக வந்தவர் யாராக இருந்தாலும் தலைசாய்க்க ஒரு திண்ணை, குடிக்கத் தண்ணீர், பசிக்குச் சோறு. காசு கேட்பதில்லை. திருச்சியிலிருந்து 1689 முதல் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஆண்ட ராணி மங்கம்மாளின் பெயரைச் சொன்னால், இந்தப் பக்கத்து மக்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது சாலைகளும் சத்திரங்களும்தான். சத்திரத்துச் சோற்றுக்கு ஆகும் செலவை மானிய நிலங்களின் விளைச்சல் ஏற்றுக்கொண்டது.

இன்றும் இலவசமாக அறையும் சாப்பாடும் தருகிற விடுதிகள் உண்டு. சிங்கப்பூரிலும் மக்காவோவிலும் கொழும்பிலும் எழுந்து நிற்கும் சூதாட்ட உல்லாச விடுதிகள் அவை. அந்தச் செலவு யார் தலையில் விழுகிறது என்பதைத் திருச்சிக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சத்திரத்தில் பஸ் ஏறினால் விமான நிலையம்; அங்கிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு மூன்றுக்கும் நேரடி விமானம் இருக்கிறது. டெல்டா மாவட்டங்களிலிருந்தும் புதுக்கோட்டை, பெரம்பலூரிலிருந்தும் வேலைக்குப் போகிறவர்களும் சுற்றுலா போகிறவர்களும் இந்த வழியாகத்தான் புறப்படுகிறார்கள்.

ரூலெட் மேசையை எடுத்துக்கொள்வோம். ஐரோப்பிய வகைச் சக்கரத்தில் 1 முதல் 36 வரை எண்கள், கூடவே ஒரு பூஜ்யம். ஆக 37 குழிகள். ஓர் எண்ணில் ஆயிரம் ரூபாய் கட்டி அந்தக் குழியிலேயே பந்து விழுந்தால், கட்டிய பணத்தோடு 35 ஆயிரம் கிடைக்கும். குழிகள் 37 என்பதால், கணக்குப்படி 36 ஆயிரம் கிடைத்தால்தான் ஆட்டம் சமம். அந்த ஒரு குழி வித்தியாசம் விடுதிக்கு. ஒவ்வொரு நூறு ரூபாயிலும் சராசரியாக 2 ரூபாய் 70 காசு மேசையிலேயே தங்கிவிடும். பூஜ்யம் இரண்டாக இருக்கும் அமெரிக்கச் சக்கரத்தில் அது 5 ரூபாய் 26 காசு.

சுற்றுக்கு ஆயிரம் ரூபாய், மணிக்கு நாற்பது சுற்று, நான்கு மணி நேரம் என்று ஒருவர் ஆடினால் மொத்தம் 1,60,000 ரூபாய் மேசையில் புரளும். அதில் ஐரோப்பியச் சக்கரக் கணக்குப்படி அவர் இழப்பார் என்று விடுதி எதிர்பார்க்கும் தொகை 4,320 ரூபாய். ஒருவர் எவ்வளவு கட்டுகிறார், எத்தனை மணி நேரம் உட்காருகிறார் என்பதையெல்லாம் உறுப்பினர் அட்டை வழியே விடுதி பதிந்துகொள்ளும். எதிர்பார்க்கும் இழப்பில் ஒரு பங்கைத்தான் இலவச அறையாகவும் விருந்தாகவும் திருப்பித் தருகிறது. ஒரு நாள் ஒருவர் ஜெயிக்கலாம். விடுதிக்கு ஆயிரக்கணக்கான ஆட்டக்காரர்களும் வருஷம் முழுக்க நாட்களும் இருக்கின்றன. சராசரி அதன் பக்கம்தான் நிற்கும்.

இவ்வளவு பெரிய கட்டடங்கள் எழுவதும் இந்தக் கணக்கின் பலத்தில்தான். சிங்கப்பூரின் மரினா பே சேண்ட்ஸ் 2010-இல் திறக்கப்பட்டது. மோஷே சாஃப்டி வடிவமைத்த 55 மாடிக் கோபுரங்கள் மூன்று, அவற்றின் தலைமேல் கப்பலைப் போலக் கிடக்கும் தோட்டம், 150 மீட்டர் நீச்சல் குளம், மாநாட்டு அரங்குகள், அருங்காட்சியகம், கடைவீதி. சூதாட்டத் தளத்துக்குத் தொடக்கத்தில் அரசு வைத்த வரம்பு 15,000 சதுர மீட்டர். மொத்தக் கட்டடப் பரப்பில் அது 3 சதவீதத்தைக்கூட எட்டாது. ஆனால் வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அந்தச் சிறிய இடத்திலிருந்துதான் வருகிறது. படம் எடுத்துக்கொள்ளும் நீச்சல் குளத்தையும் கோபுரங்களையும் தாங்குவது கீழே இருக்கும் மேசைகள்.

சிங்கப்பூர் இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யவில்லை. நாட்டின் முதல் பிரதமர் லீ குவான் யூ பல ஆண்டுகள் சூதாட்டக்கூடத்தை எதிர்த்தவர். 2005 ஏப்ரலில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் அனுமதியை அறிவித்தபோது தன் மக்களுக்கு வேலியும் போட்டார். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே நுழைய ஒரு நாளைக்கு 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்ட வேண்டும் என்றார். 2019-இல் அது 150 வெள்ளியானது. திவாலானவர்களுக்கும் அரசின் உதவித்தொகையில் வாழ்பவர்களுக்கும் கதவு தானாகவே மூடப்படும். குடும்பத்தினர் விண்ணப்பித்தால், சூதில் சிக்கியவரை உள்ளே விடாமல் தடுக்க முடியும்.

பலனும் இருந்தது. 2009-இல் 97 லட்சமாக இருந்த வெளிநாட்டுப் பயணிகள் எண்ணிக்கை 2010-இல் 1 கோடியே 16 லட்சத்தைத் தாண்டியது. உலகப் பொருளாதாரம் சரிவிலிருந்து மீண்டதும் அதற்கு ஒரு காரணம். ஆயினும் வேலைகள் வந்தன, வரி வந்தது. இதை மறுப்பது நேர்மையாகாது.

கேள்வி வேறு இடத்தில் இருக்கிறது. அந்த 150 வெள்ளி வெளிநாட்டவருக்குக் கிடையாது. கடவுச்சீட்டைக் காட்டினால் உள்ளே போகலாம். ஐந்து நாள் சுற்றுலாவுக்குப் போன மண்ணச்சநல்லூர்க்காரரும், கட்டுமானத் தளத்தில் கூடுதல் நேரம் உழைத்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓய்வெடுக்கும் லால்குடி இளைஞரும் ஒரு வெள்ளி செலவில்லாமல் நுழைந்துவிடலாம். சிங்கப்பூர் தன் பிள்ளைகளுக்கு வேலி கட்டிக்கொண்டது. நம் பிள்ளைகளுக்கு வேலி கட்ட வேண்டியவர்கள் நாம்தான்.

இப்போது அந்தக் கதவு இன்னும் பக்கத்தில் வந்திருக்கிறது. கொழும்பில் ஜோன் கீல்ஸ் நிறுவனமும் மக்காவோவில் சூதாட்ட விடுதிகள் நடத்தும் மெல்கோவும் இணைந்து நடத்தும் சிட்டி ஆஃப் ட்ரீம்ஸ், 100 கோடி டாலருக்கு மேற்பட்ட முதலீட்டில் எழுந்தது. இலங்கையில் பிறந்த பொறியாளர் செசில் பால்மண்டின் வடிவமைப்பு. 2022-இல் பொருளாதாரம் நொறுங்கிக் கிடந்த நாட்டில், 2024 அக்டோபரில் விடுதியும் 2025 ஆகஸ்டில் சூதாட்டக்கூடமும் திறந்தன. அங்கும் உள்நாட்டவருக்கு நுழைவு வரி உண்டு, வெளிநாட்டவருக்கு இல்லை. விடுதி முக்கியமாக நம்பியிருப்பது இந்தியப் பயணிகளை. திருச்சியிலிருந்து கொழும்பு ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம்.

தமிழ்நாட்டிலும் இப்படியொன்று வேண்டும், பணம் ஏன் வெளியே போக வேண்டும் என்று கேட்பவர்கள் இந்தியாவின் மேற்குக் கடற்கரையில் உள்ள டாமனைப் பார்க்கட்டும். சூதாட்ட உரிமம் வரும் என்று நம்பிக் கட்டிய டெல்டின் விடுதி 2014-இல் திறக்கப்பட்டு, அந்த உரிமத்துக்காகப் பல ஆண்டுகள் காத்துக் கிடந்தது. முதலீடு முதலில் வந்துவிட்டால் உரிமத்துக்கான நெருக்கடி பின்னாலேயே வரும். லாட்டரிச் சீட்டு எத்தனை வீட்டு அடுப்புகளை அணைத்தது என்று தமிழ்நாடு நேரில் கண்டிருக்கிறது. 2003-இல் அதைத் தடை செய்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் எந்த ஆட்சியும் திரும்பக் கொண்டுவரவில்லை. அந்த உறுதி சூதாட்ட விடுதிகள் விஷயத்திலும் தளரக் கூடாது. ஸ்ரீரங்கமும் மலைக்கோட்டையும் இருக்கும், கல்லணையும் பக்கத்திலேயே உள்ள ஊருக்குப் பயணிகளை இழுக்க ரூலெட் சக்கரம் தேவையில்லை. சுத்தமான அறைகளும் நியாயமான வாடகையும் இரவில் பயமில்லாமல் நடக்கத் தெருக்களும் போதும்.

செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன. வெளிநாடு செல்லும் தொழிலாளர்களுக்குத் தமிழக அரசு அளிக்கும் முன்பயிற்சியில் இந்தக் கணக்கைத் தமிழில் ஒரு மணி நேரம் சொல்லித் தரலாம். சிங்கப்பூரின் சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய மன்றத்திடம் ஒருவர் தாமாகவே விண்ணப்பித்துத் தன்னைச் சூதாட்டக்கூடங்களிலிருந்து விலக்கி வைத்துக்கொள்ளலாம். அங்கே வேலை செய்யும் வெளிநாட்டவருக்கும் அந்த வசதி உண்டு. கிராமத்தில் கடன் வாங்கி மகனை அனுப்பிவைத்த எத்தனை பெற்றோருக்கு இது தெரியும்? சத்திரம் பேருந்து நிலையத்தில், விமான நிலைய பஸ் நிற்கும் இடத்தில், இதை நான்கு வரியில் தமிழில் எழுதிவைக்க மாநகராட்சிக்கு ஒரு பலகையின் செலவுதான் ஆகும். அதை இந்த மாதமே வைக்கலாம்.