துடுப்பில் செவி வைத்தவர்

நிலவு காயும் இரவுகளில் கல்லடிப் பாலத்தருகே தோணியிற் செல்வோர், துடுப்பின் ஒரு நுனியை நீரில் அமிழ்த்தி, மறு நுனியைக் காதோடு வைத்து, நமது வாவியின் பாடும் மீனிசையைக் கேட்பர். கரையில் நின்றபடியே, "மீனாவது, பாடுவதாவது!" என்று நகைப்போரும் உளர். கேட்கும் முறையறிந்து கேளாதவர்க்கு மெய்யும் பொய்யாகவே தோன்றும். விஞ்ஞான உலகிலும் இவ்வாறு நேர்ந்ததுண்டு.

1978 ஜூலை 25ஆம் நாள் இங்கிலாந்தில் லூயிஸ் பிரவுண் பிறந்தாள். தாயின் உடலுக்கு வெளியே கருவாகிப் பிறந்த முதற் குழந்தை அவளே. வைத்தியர் ஸ்டெப்டோவையும் விஞ்ஞானி எட்வர்ட்ஸையும் உலகம் போற்றியது. அதன்பின் எழுபதாம் நாள், ஒக்டோபர் 3இல், கல்கத்தாவில் அவ்வாறே இன்னொரு பெண் மகவு பிறந்தது. துர்க்கா என்ற பெயரால் உலகம் அறிந்த அக்குழந்தையின் பிறப்புக்கு வழிசெய்தவர் வைத்தியர் சுபாஷ் முகோபாத்தியாய். 1931இல் பிறந்தவர், கல்கத்தாவிலும் எடின்பரோவிலும் கலாநிதிப் பட்டம் பெற்றவர்.

அவரது முறை இங்கிலாந்து முறையினின்றும் வேறானது. அங்கே, இயல்பாக மாதமொன்றில் முதிரும் ஒரே முட்டையை எடுத்தனர். இவரோ ஓமோன் ஊசியால் பல முட்டைகளை முதிரச் செய்து, வெளியே கருவாக்கி, அக்கருவை 53 நாள் உறைகுளிரில் வைத்துக் காத்தார். ஓமோனால் மாறுபட்ட கருப்பை மீண்டும் தன் இயல்புக்கு வந்தபின், வேறொரு மாதத்தில் அதனை உள்ளே சேர்த்தார். இன்று உலகெங்கும் நடைபெறும் வழக்கம் பெரிதும் இதுவே. ஆயின் அன்று அதனை நம்புவார் இல்லை.

மாநில அரசு அமைத்த விசாரணைக் குழுவில் இத்துறையிற் பயின்றவர் எவரும் இலர். அவர் கூறியது பொய்யென்று குழு முடிவு செய்தது. ஜப்பான் சென்று தம் ஆய்வை எடுத்துரைக்கவும் அனுமதி மறுக்கப்பட்டது. ஈற்றில் கண் வைத்திய நிலையமொன்றுக்கு மாற்றினர். உளம் உடைந்த அவர், 1981 ஜூன் 19இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அப்போது வயது ஐம்பது.

1986 ஓகஸ்ட் 6இல் பம்பாயில் ஹர்ஷா பிறந்தபோது, இந்தியாவின் முதற் பரிசோதனைக் குழாய்க் குழந்தை என்ற புகழ் அவளுக்கே உரியதாயிற்று. அச்சாதனைக்கு உரியோர் வைத்தியர் இந்திரா ஹிந்துஜாவும் விஞ்ஞானி ஆனந்தகுமாரும் ஆவர். 1997இல் கல்கத்தா சென்றிருந்த ஆனந்தகுமாரிடம் சுபாஷின் கையெழுத்துக் குறிப்புகள் தரப்பட்டன. அவர் அவற்றைப் பொறுமையாகப் படித்தார், பின்பு, "முதல்வர் நாங்கள் அல்லர், சுபாஷே" என்னும் கருத்தை உலகறிய எழுதினார். தமக்குச் சூட்டிய மாலையைத் தாமே கழற்றி, மறைந்த ஒருவருக்கு அணிவித்தார். துடுப்பிலே செவி வைத்தவர் அவரன்றோ!

மாணவ நேயர்களே, நாளும் எழுதிவைத்த குறிப்புகளே, எழுதியவர் மறைந்த பதினாறாம் ஆண்டில் அவருக்காகச் சாட்சி கூறின. உங்கள் ஆய்வுகூடக் கொப்பியை எளிதாக எண்ணாதீர்கள்.

இல்லத்தாரிடமும் நாம் ஒன்று கூறவேண்டும். துர்க்காவின் பெற்றோர் ஊர்ப்பேச்சுக்கு அஞ்சி வெளிவர விரும்பவில்லை. அவர்களைச் சபையில் நிறுத்தித் தம்மைக் காத்துக்கொள்ள சுபாஷும் முனையவில்லை. துர்க்காவே உலகின்முன் வந்தபோது அவளுக்கு வயது இருபத்தைந்து. அன்று அறிஞர் குழுவோடு கூடி நின்று அவரை வீழ்த்தியது, நம்மனைய சாதாரண மக்களின் நாவுமேயாகும்.

அந்நாவு நம்மிடமும் உண்டு. குடியும் வழியும் தாய்வழியே வரும் மட்டக்களப்பில், 'மலடி' என்னும் சொல் பெண்ணின் தலைமீதே முதலில் விழுகிறது. குறை ஆணிடமும் இருக்கலாம், பெண்ணிடமும் இருக்கலாம், இருவரிடமும் இருக்கலாம் என்கிறது வைத்தியம். வாழ்நாளில் ஆறில் ஒருவர் இத்துயரைக் காண்கின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் கூறியது. எனவே இது எங்கோ ஒரு வீட்டுக் கதையன்று.

மாமாங்கத் தீர்த்தத்தில் நீராடிப் பிள்ளைவரம் கேட்பதை நாம் தடுக்கவில்லை. கணவனும் மனைவியுமாக வைத்தியரிடமும் செல்லுங்கள். அவர்கள் செல்லும் வழியில் நின்று, "இன்னும் ஒன்றுமில்லையோ?" என்று கேளாதிருப்பது நம் கடன்.