கணினி எழாவிடில் கணக்கும் அழிய வேண்டுமா?

கூட்டுறவு ஆய்வாளர் ஒருவர் சங்கத்துக்குள் நுழைந்தால், அவர் கண் முதலில் நாடுவது ரொக்கப் பெட்டியையும் பேரேட்டையுமே என்பது பழைய வழக்கு. 1904ஆம் ஆண்டில், அந்நாளைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் ஐக்கிய நாணய சங்கம் தோன்றிய காலந்தொட்டு, சங்கங்களின் உயிர் அவற்றின் ஏடுகளிலேயே இருந்து வந்தது. இன்று அவ்வுயிரின் பெரும்பகுதி மேசைமீதுள்ள மடிக்கணினிக்குள் குடிபுகுந்துவிட்டது. நாட்டிலுள்ள 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களை 2,516 கோடி ரூபாய் செலவில் கணினிமயமாக்கும் திட்டத்துக்கு மத்திய அரசு 2022ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் ஒப்புதல் அளித்ததை அங்கத்தினர்கள் அறிவார்கள்.

இம்மாற்றம் வரவேற்கத்தக்கதே. ஆயினும் பேரேட்டைக் கரையான் அரித்தால் அது கண்ணுக்குத் தெரியும். மடிக்கணினி பழுதுற்றாலோ, கறுத்த திரையைத் தவிர வேறொன்றும் தெரிவதில்லை. அந்த வேளையில் சங்கத்தார் செய்வது யாது, செய்யத்தக்கது யாது என்பதைப் பற்றி என் அபிப்பிராயத்தைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் காமயகவுண்டன்பட்டியில் குடியிருந்து, இப்பள்ளத்தாக்கின் சங்கங்களைப் பார்த்து வருபவன். சென்ற ஆடி மாதத்தில் ஒரு சங்கத்துக்கு ஆய்வுக்காகச் சென்றேன். சங்கத்தின் பெயர் இங்கு வேண்டுவதில்லை. ஆடிக் காற்று நம் பக்கத்தில் எப்படி வீசும் என்பதை நான் சொல்ல வேண்டுமா? முதல் நாள் மாலை மின்சாரம் மூன்று முறை நின்று வந்திருக்கிறது. மறுநாள் காலையில் மடிக்கணினி எழவில்லை. விளக்கு எரிகிறது, விசிறி சுழல்கிறது, கம்பெனியின் முத்திரை தோன்றுகிறது, சிறு புள்ளிகள் வட்டமிடுகின்றன, பின்னர் திரை இருண்டு, மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது. காரியதரிசி செய்வதறியாது அமர்ந்திருந்தார். திண்ணையில் திராட்சைத் தோட்டக்காரர்கள் சிலரும், நகைக்கடன் திருப்ப வந்த மூதாட்டி ஒருவரும் காத்திருந்தனர்.

பழுது பார்ப்பவர் ஒருவர் ஏற்கெனவே வந்திருந்தார். “கவலைப்படாதீர்கள் ஸார், பார்மட் அடித்துவிட்டால் ஒரு மணி நேரத்தில் புதுப் பெட்டி போல் ஆகிவிடும்” என்றார். காரியதரிசியும் தலையசைத்துவிட்டார். “உள்ளே இருப்பவை என்னவாகும்?” என்று நான் கேட்டேன். “கடன் கணக்கெல்லாம் சர்வரில் இருக்கிறதே, ஸார்” என்று காரியதரிசி பதிலுரைத்தார். அது உண்மையே. ஆனால் கையெழுத்துக் காலத்திலிருந்து பெயர்த்தெழுதிய பங்குத்தொகைப் பட்டியல், வாரிசு நியமனப் படிவங்களின் நகல்கள், நிலவிவரச் சான்றுகள், நகை மதிப்பீட்டுக் குறிப்புகள், நான்கு ஆண்டுகளின் கூட்ட நடவடிக்கைகள் ஆகிய அனைத்தும் அந்தப் பெட்டியில் மட்டுமே இருந்தன. வேறு பிரதி இல்லை.

பார்மட் என்பது வட்டைத் துடைத்துப் புதிதாக்குதல். நோய்க்கு மருந்திடாமல் நோயாளியை மாற்றும் வைத்தியம் அது. நான் அதற்கு உடன்படவில்லை. அங்கத்தினர் ஒருவரின் மகள் கணினிக் கல்வி பயின்றவர். அவரை அழைத்து வரச் செய்தோம். அவர் முதலில் அச்சு யந்திரம், கைரேகைக் கருவி, சொருகியிருந்த பென் டிரைவ் யாவற்றையும் கழற்றினார். பின்னர், எழ இயலாத கணினி தானாகக் காட்டும் பழுது நீக்கும் திரைக்குச் சென்றார். அத்திரை 48 இலக்கங்கள் கொண்ட ஒரு மீட்புத் திறவெண்ணைக் கேட்டது. வட்டிலுள்ளவை பூட்டப்பட்டிருந்தன, அவ்வெண் இன்றி அவற்றை எவராலும் படிக்க இயலாது. அப்படி ஒரு பூட்டு இருப்பதே சங்கத்தில் ஒருவருக்கும் தெரியாது! கணினி வந்த நாளில் தற்காலிகமாகப் பணியிலிருந்த இளைஞர் ஒருவர், தம் சொந்த மின்னஞ்சல் முகவரியைக் கொண்டு அதனை அமைத்திருக்கிறார். திறவெண் அவருடைய கணக்கில் தங்கிவிட்டது. அவரோ திருப்பூருக்குச் சென்று ஈராண்டுகள் ஆகியிருந்தன.

நல்வினைப் பயனாக அவருடைய தொலைபேசி எண் மாறவில்லை. அவர் தம் கணக்கைத் திறந்து, ஆறாறு இலக்கங்களாக எட்டு வரிசைகளைப் படித்துச் சொன்னார். பூட்டு திறந்தது. அந்தப் பெண் முதற்காரியமாகக் கோப்புகள் அனைத்தையும் வேறொரு வட்டில் பிரதி எடுத்தார். அதன் பின்னரே பழுதில் கைவைத்தார். முதல் நாள் மாலை, கணினி தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருந்த நடுவில் மின்சாரம் நின்றுவிட்டது. கணினியின் பாட்டரி செயலிழந்து ஓராண்டு ஆகியிருந்தபடியால், நின்ற கணமே பெட்டியும் அணைந்துவிட்டது. அரைகுறையாக நின்ற அப்புதுப்பித்தலை நீக்கியதும் கணினி எழுந்தது. ஒரு பாட்டரியின் விலையை மிச்சம் பிடிக்கப் போய், ஒரு சங்கத்தின் சரித்திரத்தையே இழக்கவிருந்தோம். பார்மட் அடித்திருந்தால், பூட்டிய வட்டின் பூட்டே அழிந்து, திறவெண் கிடைத்தும் பயனற்றுப் போயிருக்கும்.

இந்நிகழ்ச்சியிலிருந்து நாம் கொள்ள வேண்டிய பாடம் ஒன்றே: பெட்டி வேறு, கணக்கு வேறு. பெட்டி கம்பெனியினுடையதாகவோ அரசினுடையதாகவோ இருக்கலாம். அதற்கு ஈடாக மற்றொன்று கிடைக்கும். கணக்கு அங்கத்தினர்களுடையது, அதற்கு ஈடு கிடையாது. ஆகவே எந்தப் பழுதிலும் முதல் வேலை கணக்கைக் காப்பது. இரண்டாவது வேலையே பெட்டியை எழுப்புவது. இவ்வரிசையை மாற்றுவோரிடம் சங்கத்தின் கணினியை ஒப்படைக்கலாகாது.

பழுதைக் கண்டறிவது என்ஜினீயர்களுக்கே உரிய மந்திர வித்தை என்று நம்மவர் எண்ணுகின்றனர். அது சரியன்று. வயலுக்குத் தண்ணீர் வரவில்லையெனில், நம் விவசாயி வயலைக் குறை கூறுவதில்லை. வாய்க்காலோரமாக மேல்நோக்கி நடந்து, தண்ணீர் எந்த இடம்வரை வந்திருக்கிறது என்று பார்க்கிறார். மதகில் இருக்கிறது, இரண்டாம் மடையில் இல்லை என்றால், அடைப்பு அவ்விரண்டுக்கும் நடுவில் என்று அறிகிறார். கணினி விழித்தெழுவதும் இத்தகைய ஒரு வாய்க்காலே. முதலில் மின்சாரம், அடுத்து, தன் உறுப்புகளைத் தானே சோதித்துக்கொள்ளுதல், அடுத்து வட்டைக் கண்டுபிடித்தல், கடைசியில் அவ்வட்டிலுள்ள இயக்கு தளத்தை ஏற்றுதல். எந்த மடையில் நிற்கிறது என்று கண்டால் பாதிப் பழுது நீங்கியது எனலாம்.

விளக்கே எரியவில்லையெனில் குற்றம் மின்சாரத்தின் பக்கம். சார்ஜரை வேறு சொருகியில் மாட்டிப் பார்க்க வேண்டும். சார்ஜரையும், கழற்றக்கூடியதாயின் பாட்டரியையும் நீக்கிவிட்டு, எழுப்பும் பொத்தானை அரை நிமிஷம் அழுத்திப் பிடித்து, பின்னர் மீண்டும் மின்சாரம் கொடுத்துப் பார்க்க வேண்டும். உள்ளே தங்கிய மின்னேற்றம் வடிந்து, செத்தது போல் கிடந்த பல கணினிகள் இதனால் எழுந்திருக்கின்றன.

விளக்கு எரிந்து, விசிறி சுழன்று, திரை மட்டும் கறுத்திருந்தால், ஒரு டார்ச் விளக்கைத் திரைமேல் சாய்வாகப் பிடித்துப் பார்க்கலாம். மங்கலாகப் படம் தெரியுமாயின், பழுது திரையின் பின்னொளியில்தான், கணக்குக்கு ஆபத்தில்லை. வேறொரு திரையையோ தொலைக்காட்சிப் பெட்டியையோ இணைத்து வேலையைத் தொடரலாம். திரை எழாமல், விட்டுவிட்டு ஒலி மட்டும் கேட்டால், அந்த ஒலிகளை எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். இன்ன உறுப்பு பழுது என்று கணினி சொல்லும் மொழி அது. நினைவகச் சில்லு தூசியாலோ ஈரத்தாலோ சரியாகப் பொருந்தாதிருத்தல் இதற்கு அடிக்கடி காணப்படும் காரணம்.

கம்பெனி முத்திரை தோன்றி, ‘எழுப்புதற்குரிய வட்டு இல்லை’ என்ற பொருள்படும் ஆங்கில வாசகம் வருமாயின், முதலில் சொருகியுள்ள பென் டிரைவைக் கழற்றுங்கள். கணினி அதிலிருந்து எழ முயன்று தோற்றிருக்கலாம். கணினியின் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போயிருந்தால், உள்ளேயுள்ள நாணயம் போன்ற சிறு பாட்டரி தீர்ந்து, அமைப்புகள் கலைந்திருக்கலாம். அது அற்ப விலையில் தீரும் குறை. ஆனால் பழைய சுழல்வட்டிலிருந்து ‘டக், டக்’ என்ற ஓசை வந்தால் உடனே அணைத்துவிட வேண்டும். மேலும் மேலும் எழுப்ப முயலுந்தோறும், மீட்கக்கூடியதும் மீட்க இயலாததாகும்.

வட்டு தெரிந்து, இயக்கு தளம் மட்டும் பாதி வழியில் நிற்குமானால், நான் மேலே கூறிய சங்கத்தின் நிலை. அதற்கெனவே பழுது நீக்கும் திரையும், இன்றியமையாதவற்றை மட்டும் கொண்டு எழும் பாதுகாப்பு முறையும் உள்ளன. ஆண்டிபட்டி, சக்கம்பட்டிப் பக்கத்து நெசவாளரைக் கேளுங்கள். பாவில் ஓர் இழை அறுந்தால் அவர் அதைத் தேடி எடுத்து முடிச்சிடுகிறார். பாவு முழுவதையும் அறுத்தெறிவதில்லை. கணினி விஷயத்தில் மட்டும் நாம் ஏன் கத்தரிக்கோலை எடுக்க வேண்டும்?

இது கிராமத்துச் சங்கங்களுக்கு மட்டும் நேரும் இடுக்கண் என்று எவரும் எண்ண வேண்டாம். 2024ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள், கிரௌட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்புக் கம்பெனி அனுப்பிய பிழையான ஒரு கோப்பினால், உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் எழ இயலாமல் நீலத்திரையில் நின்றன. இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய அனுமதிச் சீட்டுகள் வழங்கப்பட்டன. பரிகாரமோ எளியது: பாதுகாப்பு முறையில் எழுப்பி, அந்த ஒரு கோப்பை நீக்கினால் போதும். ஆனால் பல இடங்களில் கணினி ஒவ்வொன்றின் முன்னும் ஆள் சென்று அமர வேண்டியிருந்தது. பூட்டிய வட்டுகளுக்கு அதே 48 இலக்கத் திறவெண் தேவைப்பட்டது. அதை எடுத்து வைத்திராதவர்கள் திண்டாடினர். வல்லரசுகளின் விமான நிலையங்களும் நம் பள்ளத்தாக்குச் சங்கமும் ஒரே கேள்விக்கு முன் நின்றன: திறவுகோல் எங்கே?

‘எல்லாம் சர்வரில் இருக்கும்போது இத்தனை கவலை எதற்கு?’ என்று சிலர் கேட்கலாம். சர்வரில் இருப்பது அத்திட்டம் கேட்டுப் பெற்ற விவரம் மட்டுமே. சங்கம் தன் வசதிக்காகச் சேர்த்தது சர்வரில் இல்லை. நெசவாளர் சங்கங்களின் சேலை வடிவமைப்புக் கோப்புகள் எந்த சர்வரில் உள்ளன? ‘செலவாகுமே’ என்பது மற்றோர் ஆட்சேபம். பிரதி எடுக்கும் வட்டின் விலையை, பங்குத்தொகைப் பட்டியலை வீடு வீடாகச் சென்று மீண்டும் தயாரிக்கும் செலவோடு ஒப்பிடுக. உரிய தவணையில் செலுத்துவோருக்குப் பயிர்க்கடன் வட்டியில்லாமல் கிடைக்கும் நம் மாநிலத்தில், ஆவணம் கிடைக்காமல் ஒரு விவசாயியின் காரியம் தாமதப்பட்டால் அந்த நஷ்டத்தை யார் ஏற்பது?

ஆதலின், நிர்வாகக் குழுக்கள் அடுத்த கூட்டத்திலேயே சில முடிவுகளைச் செய்யுமாறு வேண்டுகிறேன். வாரந்தோறும் கோப்புகளைத் தனி வட்டில் பிரதி எடுத்து, அதைக் கணினியின் அருகில் வைக்காமல் இரும்புப் பெட்டியில் வைத்தல் வேண்டும். மாதமொருமுறை எடுக்கும் மற்றொரு பிரதி வேறு கட்டடத்தில் இருத்தல் நலம். பிரதியைத் திறந்து பார்த்துச் சோதிக்காதவரை அதனைப் பிரதி என்று கணக்கிடலாகாது. கணினி சங்கத்தின் பெயராலான மின்னஞ்சலில் அமைக்கப்பட்டு, மீட்புத் திறவெண் காகிதத்தில் எழுதி உறையிலிடப்பட்டு, ரொக்கப் பெட்டிச் சாவிக்குரிய மரியாதையோடு காக்கப்பட வேண்டும். ஊழியர் மாறும்போது சாவிகளோடு இதையும் ஒப்படைத்துக் கையொப்பம் பெற வேண்டும். பாட்டரி செயலிழந்தால் உடனே மாற்றுக. எழுத்து மூலமான அனுமதியின்றி எவரும் பார்மட் செய்யலாகாது. அங்கத்தினர்களின் ஆதார் நகல்கள் அடங்கிய வட்டை வெளிக்கடையில் விட்டு வருவதும் கூடாது.

இம்முடிவுகளை நிர்வாகக் குழு மறந்தால், நினைவூட்டும் கடமை அங்கத்தினர்களுக்கு உண்டு. மகாசபையில் லாபப் பங்கீட்டைப் பற்றிக் கேட்கும் நாம், ‘நம் கணக்கின் பிரதி எங்கே இருக்கிறது? கடைசியாக எப்போது திறந்து பார்த்தீர்கள்?’ என்று ஒருமுறையேனும் கேட்டிருக்கிறோமா?

அன்று நண்பகலில் அம்மூதாட்டியின் நகை அவர் கைக்கு வந்தது. அவர் அதை முந்தானையில் முடிந்துகொண்டு, ஒன்றும் அறியாதவராய்ப் பஸ்ஸுக்கு நடந்தார். அவர் அறிய வேண்டியதும் இல்லை. அவருக்காக அதனை அறிந்திருக்க வேண்டியவர்கள் சங்கத்தை நடத்தும் நாமே.