வகுப்பிற்கு வரும் விருந்தினர்

ஆட்சிப் பணிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டோர் பயிலும் கழகங்களுக்குப் பெரியோரை அழைத்து உரையாற்றச் செய்வது நெடுநாள் வழக்கம். 1947ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள், தில்லி மெட்காஃப் மாளிகையில் பயிற்சி பெற்ற முதல் அணியினர் முன் சர்தார் வல்லபாய் படேல் பேசினார். முன்னிருந்த அலுவலர் மக்களோடு ஒட்டாது விலகி வாழ்ந்தனர் என்பதை எடுத்துக்காட்டி, எளிய மக்களைத் தம்மவராகக் கொள்வதே புதியவர்தம் கடமை என வற்புறுத்தினார். நடுவுநிலைமையையும் கைத்தூய்மையையும் காக்குமாறும் கூறினார். அந்நாளே இன்று குடிமைப் பணி நாளாகக் கொண்டாடப்படுகிறது.

அவ்வுரையைப் போற்றுவோர் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். எளிய மக்களைப்பற்றிப் பேசப் பலர் மேடையேறுகின்றனர். அம்மக்களுள் ஒருவர் விருந்தினராக அழைக்கப்படுவது அரிது. இஃது ஒரு குறையே என்பது என் கருத்து.

மாணவர்களே! வைகறையில் போடிநாயக்கனூர்த் தெருவில் நின்று பாருங்கள். தூக்குச்சட்டியும் தலைத்துணியுமாகப் பெண்கள் ஜீப்புகளில் நெருங்கி அமர்ந்து மலையேறுவர். பதினேழு கொண்டையூசி வளைவுகளைக் கடந்தால் போடிமெட்டு. அப்பால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். அங்கேதான் ஏலத் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. இவர்களுக்கு வீடு ஓர் அரசின் எல்லையில், வேலை மற்றோர் அரசின் எல்லையில். குடும்ப அட்டை இங்கே, கூலி அங்கே. வழியில் வண்டி கவிழ்ந்தால் எந்த அலுவலகத்தின் படியேறுவது? வகுப்பறையில் இது தேர்வு வினா. அவர்களுக்கோ வாழ்க்கை வினா.

ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதன்று. அடித்தூரிலிருந்து தரையோடு படரும் சரங்களில் காய்ப்பது. நாள் முழுதும் குனிந்தும் குந்தியும், ஒரே சரத்தில் முற்றியதை மட்டும் பறித்து, இளங்காயை விட்டுவைக்க வேண்டும். அவசரப்பட்டு உருவினால் அடுத்த பறிப்புக்குக் காய் இராது. ஆண்டுதோறும் இலக்குகளை எட்ட விரையும் இளம் அலுவலர்க்கு இதனைவிடத் தக்க பாடத்தை எந்தச் செயலாளர் நடத்திவிடப் போகிறார்?

துயரமான சான்றும் ஒன்றுண்டு. 2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள், போடிக்கு அருகே குரங்கணி மலையில் காட்டுத்தீ மூண்டு, மலையேறச் சென்றோரைச் சூழ்ந்தது. இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். வான்படை ஹெலிகாப்டர்களும் வந்தன. எனினும் உதவிக்கு விரைந்தோருள் அவ்வூர் மக்கள் முன்னின்றனர். வழியும் சரிவும் அவர்கள் கால்களுக்குத் தெரியும்; காயமுற்றோரைச் சுமந்து இறக்கினர். அவ்வாண்டிலேயே மலையேற்றத்திற்கு அரசு விதிகள் வகுத்தது. விதிகளைப் படிப்போர், கோடையில் எந்தப் புல்சரிவில் தீ எவ்வாறு ஓடும் என்பதை அம்மக்களிடம் கேட்டறிதலும் வேண்டுமன்றோ?

கல்லாதவர்க்குக் கோவையாகப் பேச வருமா எனச் சிலர் ஐயுறுவர். வராமற் போகலாம். உயர்ந்தோர் உரைகள் அனைத்தும் கோவையாகவா அமைகின்றன? அவ்விருந்தினர் சொற்பொழிவாற்ற வேண்டுவதில்லை. மாணவர் வினவட்டும், அவர் விடை கூறட்டும். தம் சொல்லைக் குறுக்கிடாமல் ஓர் அலுவலர் கேட்பதையே அவர் முதன்முறை காணக்கூடும்.

ஆயினும், கூலியை இழந்து அவரை வரச் செய்தல் முறையன்று. ஓய்வுபெற்ற உயரலுவலர்க்கு அளிக்கும் அதே மதிப்பூதியத்தை அவர்க்கும் அளித்தல் வேண்டும். இயலாதெனின், வகுப்பினர் தாமே விடியுமுன் எழுந்து, ஜீப் புறப்படும் இடத்திற்குச் செல்லட்டும்.