பாட்டில்லாத நண்டுக்கு என் வாக்கு

எமது விஞ்ஞானக் கழகக் கண்காட்சிக்கு ஓர் உயிரினத்தைத் தெரிவு செய்ய வேண்டியிருந்தது. ஹவாயின் கவாய் தீவில் வாழ்ந்த 'ஓஓ' என்ற பாடும் பறவைக்கே வகுப்பில் எல்லோரும் கை உயர்த்தினார்கள். நான் மட்டும் கிறிஸ்மஸ் தீவின் செந்நண்டுக்கு உயர்த்தினேன். தோழியர் சிரித்தார்கள். என் காரணத்தை இங்கே எழுதுகிறேன்.

ஓஓவின் கதை எவரையும் உருக்கும். 1982இல் வீசிய சூறாவளிக்குப் பின் அதன் கடைசிப் பெண் பறவையைக் காணவில்லை. தனித்துப்போன ஆண் பறவை துணையை அழைத்துப் பாடிய பாட்டு ஒலிப்பதிவாக இருக்கிறது. 1987க்குப் பின் அந்தக் குரலும் இல்லை. 2023இல் அந்த இனம் அழிந்துவிட்டதாக அமெரிக்கா அறிவித்தது. வீட்டில் அந்தப் பாட்டைப் போட்டபோது, குசினியில் நின்ற உம்மா, "யார மகள் அது கூப்பிடுது?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

ஆனால் ஓஓவை அழித்தது சூறாவளி மட்டுமல்ல. காடழிப்பும் எலிகளும், கப்பலில் வந்த நுளம்பு பரப்பிய பறவை மலேரியாவும் முன்பே அதை ஒடுக்கியிருந்தன. ஹவாயில் எஞ்சிய பறவைகளுக்காக இன்று நுளம்பைக் கட்டுப்படுத்துகிறார்கள். ஓஓவுக்கு அது பிந்திய உதவி.

செந்நண்டின் கதையும் அப்படித்தான் தொடங்கியது. இந்து சமுத்திரத் தீவொன்றின் காட்டில் உதிர்ந்த இலைகளைத் தின்று வாழும் இந்த நண்டுகள், மழை தொடங்கியதும் இனப்பெருக்கத்துக்காகக் கூட்டங்கூட்டமாகக் கடலை நோக்கி நடக்கும். வெளியிலிருந்து வந்த மஞ்சள் எறும்புகள் அமிலத்தைப் பீச்சி அவற்றைக் கோடிக்கணக்கில் கொன்றன. ஆனால் இங்கே மனிதர் நேரத்தோடு விழித்தார்கள். நண்டுகள் நடக்கும் நாட்களில் வீதிகளை மூடுகிறார்கள். அவை ஏறிக் கடக்கப் பாலமும் கட்டினார்கள். செதிற்பூச்சிகள் சுரக்கும் இனிப்பு நீரால்தான் எறும்பு பெருகுகிறது என்று கண்டு, அப்பூச்சிகளைத் தாக்கும் சிறு குளவியை 2016இல் மலேசியாவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள்.

"பாட்டைக் கேட்டால்தானே மனம் இளகும்?" என்று தோழி கேட்டாள். உண்மைதான், என் மனமும் இளகியது. ஆனால் அந்த இளக்கத்தால் ஓஓவுக்கு ஒரு பயனும் இல்லை. நண்டுக்குப் பாட்டில்லை, அழகென்று சொல்லவும் பலர் தயங்குவார்கள். அதற்காக வீதியை மூடிக் காத்திருக்கிறார்களே, அதைத்தான் நான் அன்பு என்பேன்.

வாக்கெடுப்பில் பறவையே வென்றது. ஒலிப்பதிவுக்குப் பக்கத்தில் நண்டுப் பாலத்தின் மாதிரியொன்றையும் வைக்க அனுமதி கேட்டிருக்கிறேன். பாட்டைக் கேட்டுக் கண்கலங்குபவர்கள், உயிரோடு இருப்பவற்றுக்கு என்ன செய்யலாம் என்பதையும் பார்த்துவிட்டுப் போகட்டும்.