விடுபட்ட ஓர் எண்

இராமாநுஜன் பிறந்த நாளாகிய டிசம்பர் 22, 2012 முதல் தேசியக் கணித நாளாகக் கொண்டாடப்பெறுகின்றது. அன்று நிகழும் சொற்பொழிவுகளில் இரண்டு செய்திகள் தவறாமல் இடம்பெறும். நாமகிரித் தாயார் கனவில் தோன்றிச் சூத்திரங்களை அருளினார் என்பது ஒன்று. ஹார்டி ஏறிவந்த வாடகை வண்டியின் இலக்கமாகிய 1729 மற்றொன்று. கேட்பதற்கு எமக்கும் இன்பமே. ஆயினும் இவற்றை மட்டுமே கேட்டு விடுதிக்குத் திரும்பும் மாணாக்கர், இது நமக்கு எட்டாத அருள் என்று புத்தகத்தை மூடிவிடுவரே என்னும் கவலை உண்டு. ஆதலின் 1729 ஐ விட 6746328388800 என்னும் எண்ணை அவர் கையிற் கொடுத்தல் நலம் என்பது எம் கருத்து.

இவ்வெண்ணின் சிறப்பு யாது? 12 ஐ மீதியின்றி வகுக்கும் எண்கள் ஆறு. அதனிற் சிறிய எவ்வெண்ணுக்கும் அத்துணை வகுஎண்கள் இல்லை. இங்ஙனம் தம்மிற் சிறியவற்றையெல்லாம் வகுஎண்களின் தொகையால் விஞ்சி நிற்கும் எண்களைப் பற்றி இராமாநுஜன் 1915 இல் லண்டன் கணிதக் கழக வெளியீட்டில் நீண்டதொரு கட்டுரை வரைந்தார். (அதன் பிற்பகுதி அப்பொழுது அச்சேறாது கிடந்து, 1997 இல் வெளியாயிற்று.) அக்கட்டுரையிலுள்ள அட்டவணையின் இறுதி எண்ணே மேற்கூறியது. அதனைப் பகா எண்களாகப் பிரித்தால் 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5, 7 என்பன இவ்விரண்டு முறையும், 11, 13, 17, 19, 23 என்பன ஒவ்வொரு முறையும் வரும். ஒவ்வொன்றின் முறையோடும் ஒன்று கூட்டி, அவற்றைத் தம்முட் பெருக்குக: 7×5×3×3×2×2×2×2×2, அஃதாவது 10080 வகுஎண்கள்! பகா எண் பெரிதாகுந்தோறும் முறை ஏறாமையையும் நோக்குக. 2 க்கு நான்கும் 3 க்கு ஆறும் என மாற்றிவைப்பின் வகுஎண்களின் தொகை மாறாது. எண் மட்டும் வீணே பெருகிவிடும்.

இனி, அவ்வட்டவணையில் ஒரு குறை உண்டு. 293318625600 அதில் இருத்தற்குரியது, விடுபட்டுவிட்டது. இறுதி எண்ணை 23 ஆல் வகுத்துப் பாருங்கள். விடுபட்ட எண்ணே ஈவாக வரும். கனவில் அருளப்பெற்ற அட்டவணையாயின் இடையில் ஓரெண் தவறியிருக்குமோ? ஒன்றன்பின் ஒன்றாகப் பெருக்கி, ஒப்புநோக்கி, வரிசைப்படுத்திய மனிதக் கையே எமக்கு இங்குத் தோன்றுகின்றது. இதனைக் கூறுதல் அவர் பெருமைக்கு இழுக்கு என்பார் சிலர் இருக்கலாம். எமக்கோ, அவரை நம் வகுப்பறைக்கு அருகிற் கொணர்வது இக்குறையே. நம் கல்லூரி 1937 இல் தாம்பரத்துக்கு வருமுன், ஜார்ஜ் டவுனில் இருந்த காலத்தே, நம் கணிதப் பேராசிரியர் ராஸ் அவரை அறிந்திருந்தார், உறவு புதிதன்று.

வரும் டிசம்பரில் சொற்பொழிவுக்கு முன்னர் அரைமணி நேரம் ஒதுக்குக. தாளும் எழுதுகோலும் கொடுத்து, விடுபட்ட அவ்வெண்ணுக்கு 5040 வகுஎண்கள் உண்டென்பதை மாணாக்கர் தாமே காணச் செய்க. தமிழ் வகுப்பாரும் வரலாம். வேண்டுவது பெருக்கல் வாய்பாடு ஒன்றே. கணக்கிடு கருவிகளை மட்டும் கதவருகே வைத்துவிட்டு வருக.