தேரா, சாரதியா?

இருதுபன்னனிடம் தேர்ச்சாரதியாக அமர்ந்திருந்த நளன், சுயம்வரத்துக்கு விரைய வேண்டிய நாளில் மெலிந்த குதிரைகளைத் தெரிந்து பூட்டினான் என்பது நாம் இளமையிற் கேட்ட கதை. மன்னன் ஐயுற்றான், தேரோ பறந்தது. நழுவி வீழ்ந்த மேலாடையை எடுக்கச் சொல்லுமுன் அது நெடுந்தொலைவு பின்னே போயிற்று. புகழெல்லாம் நளனுக்கே என்போம். ஆயின் அவன் குதிரைகளை ஆராய்ந்தே பூட்டினான் என்பதை மறந்துவிடுகிறோம்.

போர்முலா வண் எனப்படும் உலக மோட்டார் ஓட்டப் போட்டியிலும் இவ்வழக்கு நெடுநாளாக நடக்கிறது. உலக வீரர் பட்டம் பெற்றவரே சாரதிகளுட் சிறந்தவர் என்று நம் மாணவருட் பலர் சாதிப்பர். யான் அதனை ஒப்பேன்.

ஜென்சன் பட்டன் என்னும் ஆங்கிலேயர் 2008ஆம் ஆண்டு முழுவதும் ஹொண்டா அணியில் ஓடிப் பெற்றவை மூன்றே புள்ளிகள். ஆண்டிறுதியில் ஹொண்டா விலக, ரொஸ் பிரோன் அவ்வணியை ஏற்றார். 2009இல் முதல் ஏழு போட்டிகளில் ஆறினை வென்று பட்டன் உலக வீரரானார். ஒரு மாரிகாலத்துள் ஒருவருடைய கையுங் கண்ணும் இத்துணை மாறுமோ? மாறியது வண்டியே. எஞ்சின் மெர்சிடிஸ் ஆயிற்று. அடிப்புறத்தாற் பாயுங் காற்றைக்கொண்டு வண்டியை நிலத்தோடு அழுத்துதற்குப் பொறியியலாளர் ஒரு புதுவழி கண்டனர்.

2020 டிசம்பரிற் பஹ்ரெயினில் நடந்தது இதனினும் தெளிவான சான்று. லூயிஸ் ஹமில்ரன் நோயுற்றமையால் அவருடைய மெர்சிடிஸ் வண்டி ஜோர்ஜ் ரஸல் என்னும் இளைஞரிடங் கொடுக்கப்பட்டது. அவர் வில்லியம்ஸ் வண்டியில் ஏறத்தாழ ஈராண்டு ஓடியும் ஒரு புள்ளியேனும் பெறாதவர். பழகாத வண்டி, உயர்ந்த உடலுக்கு ஒடுங்கிய இருக்கை. எனினும் தகுதிகாண் ஓட்டத்தில், அவ்வணியிற் பலகாலம் ஓடிய பொட்டாஸுக்கு 0.026 செக்கனே பின்னின்றார். போட்டியில் அவரையும் முந்தி முன்னணியில் ஓடினார். அணியினர் தவறிப் பொட்டாஸுக்குரிய டயர்களை இவர் வண்டிக்கு மாட்டினர். பின்னர் ஒரு டயருங் காற்றிழந்தது. ஒன்பதாவதாகவே முடித்தார். ஈராண்டாக நிரையின் கடையிற் கிடந்த திறமை ஒரு வாரத்தில் முளைத்ததன்று. அது முன்னரே இருந்தது. காண்பதற்கு நமக்கு வழியில்லாதிருந்தது.

ஆகவே சாரதியை அளக்க யான் நம்பும் துலாக்கோல் ஒன்றே: அதே வண்டியில் ஓடும் தோழர். 2023இல் நடந்த 22 போட்டிகளில் 21ஐ ரெட் புல் அணி வென்றது. அவற்றுள் 19 வெர்ஸ்டாப்பனுக்கு, இரண்டே பெரெஸுக்கு. இருபது சாரதிகளுள் வெல்லத்தக்க இருவரை வண்டி தெரிந்தது. அவ்விருவருள் ஒருவரைத் தெரிந்தது கை. அணியின் முதற் சாரதிக்கு இணங்கவே வண்டி அமைக்கப்படுவதுண்டே என்று தடை கூறுவர். உண்மைதான், ஆயினும் பத்தொன்பதுக்கும் இரண்டுக்குமுள்ள இடைவெளி அதனால் மட்டும் நிரம்புமென்று தோன்றவில்லை. பத்திரிகைகள் புள்ளி அட்டவணையை வெளியிடும்போது, ஓர் அணியின் இரு பெயர்களையும் அடுத்தடுத்து வைத்தால் எத்துணை நன்று!

மூத்த பழைய மாணவர் ஸ்ரேர்லிங் மொஸ்ஸை நினைவூட்டுவர். 1961இல் மொனாக்கோவில், றொப் வோக்கர் என்பவரின் பழைய லோட்டஸ் வண்டியில், வலுக்குறைந்த எஞ்சினோடு, வெம்மை தாங்காது பக்கத் தகடுகளையுங் கழற்றிவிட்டு ஓடினார். நூறு சுற்று, பின்னே பெராரிகள் துரத்தின, 3.6 செக்கனால் வென்றார். கை வண்டியை வென்ற நாள் அது, மறுப்பாரில்லை. ஆனால் மொனாக்கோ ஒடுங்கிய நகரவீதி. எஞ்சினின் வலு ஆங்கு முழுதும் பயன்படாது. அவ்வாண்டின் பட்டம் பெராரியின் பில் ஹில்லுக்கே சென்றது. மொஸ் ஒருகாலும் அதனைப் பெற்றாரல்லர்.