சைப்பிரஸ்: அந்தத் தீவு யாருக்குத் தேவைப்பட்டது?

எம்மவர்களின் அரசியல் உரையாடல்களில் சைப்பிரஸ் அடிக்கடி வந்துபோகும். துருக்கி தன் இனத்தவருக்காகப் படை இறக்கியது, எங்களுக்கு அப்படி ஒருவரும் வரவில்லை என்ற ஆதங்கத்தோடுதான் பெரும்பாலும் வரும். அந்த ஆதங்கம் எனக்கும் விளங்குகிறது. ஆனாலும் இந்த ஒப்பீட்டைச் செய்வோர் முதலில் அந்தத் தீவின் வரைபடத்தை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

மத்தியதரைக் கடலில் சிசிலி, சார்டினியாவுக்கு அடுத்த பெரிய தீவு சைப்பிரஸ். பரப்பு 9,251 சதுர கிலோமீற்றர். எமது வடக்கு மாகாணத்தைவிடச் சற்றே பெரிது. தெற்கில் துரோதோஸ் மலைகள், வடகரையை ஒட்டி இன்னொரு மலைத்தொடர், இடையில் தானியம் விளையும் மெசாவோரியா சமவெளி. செம்புக்கு இலத்தீன் மொழியில் வழங்கிய பெயரே இத்தீவிலிருந்து வந்ததுதான். துருக்கியின் கரை ஏறத்தாழ 70 கிலோமீற்றர் தூரம். சிரியா 100 கிலோமீற்றர் அளவில். கிரேக்கப் பெருநிலமோ ஏறக்குறைய 800 கிலோமீற்றருக்கு அப்பால். தீவில் பெரும்பான்மையினர் கிரேக்கர், பக்கத்தில் இருப்பது துருக்கி. அதன் துயரத்தில் பாதி இந்த அமைவிடத்திலேயே இருக்கிறது.

சுயெஸ் கால்வாய் 1869இல் திறக்கப்பட்டது. ஒன்பது ஆண்டுகளில், 1878இல், பிரித்தானியா ஒட்டோமான் பேரரசிடமிருந்து தீவின் நிர்வாகத்தைப் பெற்றது. 1960இல் சுதந்திரம் கொடுத்தபோதும் அக்ரோத்திரி, தெகேலியா என்ற இரு தளப் பகுதிகளைத் தன் இறைமைக்குள் வைத்துக்கொண்டது. மொத்தம் 254 சதுர கிலோமீற்றர். 2024 ஜனவரியில் யேமனில் குண்டு போட்ட பிரித்தானிய விமானங்கள் புறப்பட்டது அக்ரோத்திரியிலிருந்துதான்.

சனத்தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான துருக்கிய சைப்பிரியருக்கு 1960 அரசியலமைப்பு வீட்டோ அதிகாரம் கொண்ட உப ஜனாதிபதி பதவியையும் அரச சேவையில் 30 வீதத்தையும் வழங்கியது. பிரித்தானியா, கிரேக்கம், துருக்கி மூன்றும் உத்தரவாதம் அளித்தன. அந்த ஏற்பாடு நான்கு ஆண்டுகள்கூட முழுதாக ஓடவில்லை. 1963 டிசெம்பரில் வன்முறை வெடித்தது. துருக்கிய சைப்பிரியர் பலர் கிராமங்களை விட்டுச் சிறு சிறு அடைப்புகளுக்குள் ஒதுங்கினர். 1974 ஜூலை 15இல் கிரேக்க இராணுவ ஆட்சி அங்கு சதிப்புரட்சி நடத்தியது. ஐந்தாம் நாள் துருக்கி இறங்கியது. உத்தரவாதம் அளித்த மூன்றில் ஒன்று சதி செய்தது, ஒன்று படையெடுத்தது, தளங்களை வைத்திருந்த மற்றது பார்த்துக்கொண்டிருந்தது.

தீவில் ஏறத்தாழ 36 வீதம் துருக்கிப் படையின் கையில் போனது. ஒன்றரை இலட்சத்துக்கும் அதிகமான கிரேக்க சைப்பிரியர் தெற்கே ஓடினர். பல்லாயிரம் துருக்கிய சைப்பிரியர் வடக்கே வந்தனர்.

வந்தவர்களுக்கு என்ன கிடைத்தது? பாதுகாப்பு கிடைத்தது, அதை மறுக்க முடியாது. 1983இல் தனி நாடு என்று பிரகடனம் செய்தார்கள். ஐ.நா. பாதுகாப்புச் சபை 541ஆம் தீர்மானத்தில் அது செல்லாது என்றது. இன்றுவரை அங்கீகரித்தது துருக்கி மட்டுமே. 2004இல் தீவை இணைக்கும் ஐ.நா. திட்டத்துக்கு வடக்கில் 65 வீதத்தினர் ஆம் என்றார்கள். தெற்கில் 76 வீதத்தினர் இல்லை என்றார்கள். ஒரு வாரத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்து அதன் பயனை அனுபவித்தது தெற்கு. துருக்கிப் படை இன்னமும் வடக்கில் நிற்கிறது. தன் தென்கரைக்கு முன்னால் கிடக்கும் நிலத்தை அது எளிதில் விடாது. 2011இல் தீவின் தெற்குக் கடலில் எரிவாயு கண்டுபிடிக்கப்பட்டபின் கடல் எல்லைத் தகராறும் சேர்ந்துகொண்டது.

எமது வாசகர்கள் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டிய விடயம் வேறொன்று. அங்கே காணாமற்போனோராகப் பதிவானவர்கள் 2,002 பேர்: 1,510 கிரேக்க சைப்பிரியர், 492 துருக்கிய சைப்பிரியர். 1981இல் அமைக்கப்பட்ட கூட்டுக்குழு இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2006இல்தான் முறையாகத் தோண்டத் தொடங்கியது. இரு சமூகத்து விஞ்ஞானிகளும் ஒரே குழியில் இறங்கி வேலை செய்கிறார்கள். மரபணுப் பரிசோதனை மூலம் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அடையாளம் காணப்பட்டு உறவினரிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளனர். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் போராட்டம் தொடங்கிய எங்கள் தாய்மாருக்கு அதுகூடக் கிடைக்கவில்லை. ஆனால் எப்படி இறந்தார்கள், யார் கொன்றார்கள் என்பதைக் கூறும் ஆணை அந்தக் குழுவுக்கு இல்லை. புதைத்த இடத்தைக் காட்டக்கூடிய சாட்சிகளும் முதுமையில் ஒவ்வொருவராய் மறைகிறார்கள். தோண்டும் குழிகள் பல வெறுமையாகவே மூடப்படுகின்றன.